பதினாலாம் மரம்

ஜூன் 9, திங்கள்

பைரவிக்கு ஜன்னலோர மேசையைக் கொடுத்துவிட்டார்கள்.

எட்டு வருஷமாக இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் நான் கேட்ட ஒரே பொருள் அந்த மேசைதான். "அங்க வெயில் படும் தமயந்தி, உனக்குத் தலைவலி வரும்" என்று சொல்லிச் சொல்லியே அருணகிரி சார் என்னை ஆசிட் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். நேற்று வந்து சேர்ந்த பெண்ணுக்கு மட்டும் வெயில் படாதாம், தலைவலி வராதாம்.

மேசை போனால் போகிறது, திட்டமும் அவளுக்குத்தான். வண்டிப் புகையிலும் பிரேக் தூளிலும் இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாம் ரோட்டோர மரங்களில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மரப்பட்டை வருஷக்கணக்கில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைச் சுரண்டிச் சோதித்தால் போதும் என்று சாரிடம் முதலில் சொன்னவள் நான். "நல்ல ஐடியா, பாப்போம்" என்றார். மூன்று வருஷம் பார்த்தார். இப்போது பைரவியைக் கூப்பிட்டு, "நீங்க பட்டைய வச்சுப் பண்ணுங்கம்மா" என்கிறார். அவளுக்கு நீங்க. எனக்கு நீ.

காலையில் வழக்கம்போல சிக்னல் பக்கத்து மாரியம்மனைக் கும்பிட்டேன். அந்தப் பூசாரிக்குக் குங்குமம் அள்ளிக் கொடுத்துத்தான் பழக்கம். தூணில் கொட்டாதீர்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், தரையில் போட்டால் கால் படும். நெற்றியில் வைத்தது போக மீதியை பஸ் ஸ்டாப் வேப்பமரத்தில் தடவிவிட்டு, மரத்தடியில் மாராத்தாளிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜூன் 12, வியாழன்

பைரவி எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்திருந்தாள். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள், போதும் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

மில் ரோடு மரங்களுக்கு எண் போட்டாகிவிட்டது. பைரவி பிளாஸ்டிக் அட்டையைச் சணல் கயிற்றில் கோத்து ஒவ்வொரு மரத்திலும் கட்டினாள். ஏன் ஆணி அடிக்கவில்லை என்று சார் கேட்டதற்கு, "ஆணியில இருக்கற உலோகமும் பட்டைல கலந்துரும்ங் சார்" என்றாளாம். சார் மத்தியானம் வரை அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடிக்க ஒரு பைரவி வேண்டுமா?

என் பஸ் ஸ்டாப் வேம்புக்குப் பதினாலு. மாராத்தாள் அந்த அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மிணி, எங்க மரத்துக்கு ரேசன் கார்டு குடுத்துப்போட்டீங்களா?" என்றாள். அந்த அம்மாளுக்கு அந்த மரம்தான் கடை. போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் அதை வெட்டப் பார்த்தபோது, இவளும் தெருக்காரர்களும் சுற்றி நின்று திருப்பி அனுப்பினார்கள்.

ஜூலை 4, வெள்ளி

துறைக்கு நிரந்தர வேலை இடம் ஒன்று வரப்போகிறது. ஒன்றே ஒன்று. சார் இதைச் சொன்னபோது ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். என் கழுத்து சுளுக்கிக்கொண்டது போல் இருந்தது. இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தப் புள்ள நல்லாப் படிச்ச புள்ளைன்னு நீயே சொன்னியே" என்றார். அவருக்கு நாளைக்கு ரசம் மட்டும்தான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலில் நிற்க இடமில்லை. நான் யாருக்கும் கெடுதல் வேண்டவில்லை. அவரவருக்கு உரியது அவரவருக்குக் கிடைக்கட்டும் என்று மட்டும் கும்பிட்டேன். அம்மனுக்கு இதற்குமேல் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு ஆளுக்கு ஒரு கை குங்குமம். கோயிலிலிருந்து பஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் மீதியை வேம்பில் தடவ, நெஞ்சு உயரத்துக்கு மரம் செக்கச்செவேல் என்று நின்றது. நானும் என் பங்கைத் தடவினேன். சாயங்காலம் அடித்த மழையில் சுத்தமாகக் கழுவிப் போய்விட்டது.

ஜூலை 24, வியாழன்

பைரவி பட்டை எடுக்கப் போனாள். "துணைக்கு வாங்கக்கா, அந்த ரோடு உங்களுக்குப் பழக்கம்" என்று கூப்பிட்டாள். அவள் பெயர் போட்ட திட்டத்துக்கு நான் பை தூக்க வேண்டுமா? தலைவலி என்றேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். முறைப்படி எடுத்திருக்கிறாள், குறை சொல்ல இடமில்லை. ரோட்டைப் பார்த்த பக்கம், நெஞ்சு உயரம், பிளாஸ்டிக் கத்தியால் மேல்பட்டையை மட்டும் சுரண்டி, மரத்துக்கு ஒரு பொட்டலம். இலைகளும் தனியாக. பதினாலாம் பொட்டலத்தை உலர்த்தும் பெட்டிக்குள் வைத்தபோது பார்த்தேன், தூள் கொஞ்சம் செம்மையாக இருந்தது. வேப்பம்பட்டை உள்ளே செம்மைதானே என்று மூடினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அமிலத்தில் கரைத்தது நான். வடிகட்டியது நான். உலோகத்தை அளக்கும் மெஷினில் ஓட்டியதும் நான். பைரவி பக்கத்தில் நின்று எண்களை எழுதிக்கொண்டாள், முத்து முத்தான கையெழுத்து, அதுவும் ஒரு எரிச்சல்.

முதல் பதின்மூன்று மரங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த நகரத்து மரத்திலும் இருக்கிற அளவு ஈயம்தான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். பதினாலு வந்தது, எண் எகிறியது. திரும்ப ஓட்டினேன். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து ஓட்டினேன். மற்ற மரங்களைப் போல நாற்பது மடங்கு.

அருணகிரி சார் கையைத் தட்டினார். "சிக்னல்! பஸ்ஸு நிக்கறது, பிரேக் அடிக்கறது, கெளம்பறது, எல்லாம் அந்த ஒரே எடம். பைரவி, இது பெரிய பேப்பரும்மா!" என்றார். செப்டம்பரில் நம் கல்லூரியிலேயே கருத்தரங்கு இருக்கிறது, வெளியூர் ஆட்களெல்லாம் வருவார்கள், அங்கே முதல் கட்டுரை இதுதானாம்.

நான் கையுறையைக் கழற்றினேன். நெற்றி வியர்த்திருந்தது. புறங்கையால் துடைத்தபோது சிவப்பாக ஒட்டியது. காலையில் பூசாரி கொடுத்த குங்குமம்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டில் ஒட்டடை அடித்தேன். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பைரவி என் மேசைக்கு வந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, பதினாலுல இலைய ஓட்டுனேன். இலைல மத்த மரத்து அளவுதான் இருக்கு. பட்டைல மட்டும் எப்படிங்க்கா இவ்வளவு? எனக்கு மனசு ஒப்பல. சார்கிட்டக் கேட்டா, சந்தேகப்பட்டுட்டே இருந்தா பேப்பர் எழுத முடியாதுங்கறார். நீங்கதான் இதுல ரொம்ப நாளா இருக்கீங்க. நீங்க சரின்னா நான் சரின்னு விட்டுடறேன்."

நான் அவள் காட்டிய எண்களைப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் இந்த ஆய்வகத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்காகவாவது சொல்லியிருக்கலாம்.

"இலை வருஷா வருஷம் கொட்டிப் போயிரும். பட்டை அப்படியே இருக்கும். சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்பாடா" என்று எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையிலேயே ஒரு சிட்டிகையை அமிலத்தில் போட்டு வைத்திருந்தேன். எல்லோரும் சாப்பிடப் போனதும் மெஷின் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற மெஷினில் எதையோ ஓட்டிப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எண் எகிறியது. அந்தக் குங்குமத்தில் நிறத்துக்காக எதையோ கலந்திருக்கிறார்கள்.

குழாய்களை மூன்று முறை கழுவினேன். வரும் வழியில் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. மாவு அரைத்து, துணி துவைத்து, மொட்டை மாடியில் காயப் போட்டபோது ஒரு யோசனை வந்தது. வந்ததிலிருந்து மனசு லேசாக இருக்கிறது.

இப்போது சொன்னால் என்ன நடக்கும்? "அட, நல்லவேளை" என்பார்கள். பைரவி திருத்திக்கொள்வாள். சார் அவளுடைய கவனத்தைப் பாராட்டுவார். எனக்கு ஒரு டீ வரும். செப்டம்பர் பன்னிரண்டு கருத்தரங்கில் சொன்னால்? அவள் மேடையில் படம் போட்டுப் பேசி முடித்ததும், பின் வரிசையிலிருந்து நான் எழுந்து நின்று, "அந்த மரத்தில் ஜனங்கள் குங்குமம் தடவுவார்களே, அதைக் கழித்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் எல்லாம் திரும்பி, யார் இந்தம்மா என்று பார்ப்பார்கள். நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

எந்தப் புடவை என்றுகூட முடிவு செய்துவிட்டேன். மயில்கழுத்துப் பச்சை.

ஆகஸ்ட் 23, சனி

பேப்பரில் வந்துவிட்டது. சார்தான் நிருபரைக் கூப்பிட்டிருக்கிறார். வேம்பின் மேல் கை வைத்துக்கொண்டு பைரவி சிரிக்கிற படம். சிக்னல் மரத்தில் நஞ்சு என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. வீட்டுக்காரர் உரக்கப் படித்துக் காட்டி, "உங்க ஆபீஸ் புள்ளதான? லட்சணமா இருக்குது" என்றார். தோசை கருகிவிட்டது.

பூ வாங்கப் போனால் மாராத்தாளின் கூடை நிறைந்தே கிடக்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெயிலில் தள்ளிப் போய் நிற்கிறார்கள்.

"மரத்துல வெசம்னா பூவுலயும் இருக்குமான்னு கேக்கறாங்க கண்ணு. இத்தன வருசமா இதும்பட அடியிலதான் குக்கி உக்காந்திருக்கறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

அவள் நெற்றியில் அந்தக் கோயில் குங்குமம், பழைய ஒரு ரூபாய் அளவுக்கு. சொல்ல வாய் வந்தது. ஆனால் கட்டிய புருஷன் உயிரோடு இருக்கிறவளிடம், பொட்டை அழி என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு முழமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் வந்து வேம்பில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். போன வருஷம் சுற்றி நின்ற தெருவில் இந்தத் தடவை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நஞ்சு மரத்துக்காக யார் சண்டை போடுவார்கள்? பக்கத்துப் பேக்கரிக்காரர் நல்லதாப் போச்சு என்கிறார்.

மாராத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அந்தக் காலேஜ்லதான இருக்கறீங்க அம்மிணி. பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த நெழல உட்டா நான் எங்க போறது? என்ற பொழப்பு இதுதானுங்."

"எப்ப வெட்டறாங்களாம்?" என்று கேட்டேன். பதினைந்தாம் தேதிக்கு மேல் என்று சொன்னார்களாம்.

பன்னிரண்டுதான் கருத்தரங்கு. அன்றைக்கே எல்லாம் வெளியே வந்துவிடும். மரத்துக்கு நஞ்சில்லை என்று தெரிந்தால் தெருக்காரர்களே தடுப்பார்கள். தாராளமாக நேரம் இருக்கிறது.

"சொல்றேன்" என்றேன்.

செப்டம்பர் 6, சனி

வெட்டிவிட்டார்கள்.

விடுமுறை நாளில் போக்குவரத்து குறைவு என்று முன்னாலேயே வந்துவிட்டார்களாம். மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது ரம்பச் சத்தம் கேட்டது. ஏதோ தச்சு வேலை என்றுதான் நினைத்தேன். காய்கறிக்குப் போனபோது பார்த்தேன். அந்த இடத்தில் வானம் அசிங்கமாகத் திறந்து கிடந்தது. இலைகளை ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. விஷம் என்றவர்கள் எவரும் ஆட்டை விரட்டவில்லை.

மாராத்தாள் கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, தான் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்லியிருப்பீங்க, கேட்டிருக்க மாட்டாங்க. உடுங்க" என்றாள்.

பைரவியும் அங்கே நின்றாள். ரம்பக்காரரிடம் கெஞ்சி அடிமரத்திலிருந்து வட்ட வில்லையாக ஒரு துண்டு அறுத்து வாங்கி, குழந்தையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அழுதிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, அவள் அழுததன் மேலும் எரிச்சல்தான் வந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

கருத்தரங்கு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. முதல் கட்டுரைக்குக் கீழே பெயர்கள்: கு. தமயந்தி, செ. பைரவி, பேராசிரியர் அருணகிரி.

அச்சுப்பிழை என்று நினைத்தேன். பைரவி சிரித்தாள். "நாந்தான்க்கா போடச் சொன்னேன். பட்டை ஐடியா உங்களுதுன்னு சாரோட பழைய ஃபைல்ல பார்த்தேன். கரைச்சது, ஓட்டுனது, சரிபார்த்தது எல்லாம் நீங்க. உங்க பேர்தான முதல்ல வரணும்? சார் மொதல்ல ஒத்துக்கல. சண்ட போட்டேன்."

எட்டு வருஷமாக நான் வேண்டிய வேண்டுதல். அம்மன் கொடுத்துவிட்டாள், எந்த இடத்தில் கொடுத்திருக்கிறாள் பார். பின் வரிசையிலிருந்து எழுந்து நின்று நான் கேட்கப்போகும் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல வேண்டியவளும் நானே.

மயில்கழுத்துப் பச்சையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பைரவி நேற்றெல்லாம் அந்த வில்லையைச் சோதித்திருக்கிறாள். வெளிப்பட்டை, உட்பட்டை, அப்புறம் வளையம் வளையமாக உள்கட்டை வரை. என்னைக் கூப்பிடவில்லை, தானே கரைத்து ஓட்டியிருக்கிறாள். இன்று மத்தியானம் அந்த வில்லையை என் மேசை மேல் வைத்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லக்கா. மத்த மரம் எப்படியோ அப்படித்தான் இதுவும் இருந்திருக்கு. வெளிய, அந்த மேல்தோல்ல மட்டும்தான் ஈயம். எங்கிருந்தோ வந்து ஒட்டியிருக்கு. என்னன்னு தெரியல. நான் தெரியாமயே ஒரு நல்ல மரத்தக் கொன்னுட்டேன்."

நான் வேப்ப வில்லையைத் தொட்டேன். ஈரமாகவே இருந்தது.

"சார்கிட்டச் சொல்லிட்டேன், கட்டுரைய வாபஸ் வாங்கறேன்னு. காட்டுக் கத்து கத்துனார். அந்த வேலைக்கு விண்ணப்பமே போடாதேன்னுட்டார். நான் இந்த வாரத்தோட கெளம்பறேன். பரவால்ல. பேப்பர்காரங்களுக்கும் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுல உங்க பேர எடுத்துட்டேன்க்கா. நீங்க எனக்காகப் பார்த்துக் குடுத்தீங்க, உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது. மாதிரி எடுத்தவ நான், தப்பு என்னோடது."

போய்விட்டாள். அங்கே தன் மேசையைக் காலி செய்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் அந்த மேசை முழுக்க விழுந்து கிடந்தது. இனி அது எனக்குத்தான். நிரந்தர இடமும் அநேகமாக எனக்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சந்தோஷம் வரும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு அவள்மேல் இருப்பது பொறாமை, அந்த வார்த்தையை இந்த நோட்டில் இதுவரை எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். மேசைக்காகப் பொறாமைப்பட்டேன், கையெழுத்துக்காக, சாதத்துக்காக. இன்றைக்குத்தான் நெஞ்சே வெந்துபோகிற அளவுக்குப் பொறாமையாக இருக்கிறது. தப்பு என்னோடது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அது அவளுடையதுகூட இல்லை. அதிலும் என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். ஒரு மாதமாக வரவில்லையே என்று பூசாரி கேட்டார். இன்றைக்குத் தட்டில் இருக்கிற குங்குமத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எதற்கென்று சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எனக்கு மட்டும் கை நிறையக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் கை தானாக நீண்டது. அங்கே மரம் இல்லை. அடிமரத்தையும் தோண்டி எடுத்து ஜல்லி கொட்டியிருந்தார்கள். மாராத்தாள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். என் பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை அவள் மடியில் வைத்தேன்.

"எனக்கெதுக்கு அம்மிணி இதெல்லாம்? நான் குங்குமம் வைக்கறவ" என்றாள்.

"கொஞ்ச நாளைக்கு இத வைங்க. சாயங்காலம் வந்து எல்லாத்தையும் சொல்றேன். நீங்க என்னைத் திட்டுவீங்க" என்றேன்.

மூடிய கையைத் திறக்காமலே பஸ்ஸில் ஏறினேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லூரி வரை நின்றே வந்தேன். உள்ளங்கை வியர்த்து விரலிடுக்கெல்லாம் சிவப்பாகக் கசிந்திருந்தது. பைரவி கடைசிப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கையைத் திறந்து உதறினேன்.

"என்னக்கா இது?"

"பதினாலாம் மரம்" என்றேன்.